கேட்பவர்கள் வைத்த தேர்வு

குந்தாவில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் பிரசங்கியார் தம் குரலை உயர்த்தியே ஆக வேண்டும். தகரக் கூரையின்மேல் விழும் மழைக்கு எதிராகத்தான் இங்கே எந்தச் சொல்லும் ஒலித்தாக வேண்டும். அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, மஞ்சூருக்கு அப்பால் உள்ள ஒரு சிறிய தேவாலயத்தில் நாம் உட்கார்ந்திருந்தோம். நண்பர் ஒருவரின் மகன், நான்காண்டு இறையியல் படிப்பை முடித்துப் பட்டம் பெற்று வந்தவன், அன்று பிரசங்கம் செய்தான். நன்றாகப் படித்த பிள்ளை, கிரேக்கம் தெரியும், ஜெர்மானிய இறையியலாளர்களின் பெயர்கள் நாவின் நுனியில் இருந்தன. நாற்பது நிமிடங்கள் பேசினான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையின் மலையகத்திலிருந்து வந்து சேர்ந்த குடும்பத்தினரும், அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும். பின்வரிசையில் படுகர் இனத்தவர் சிலரும் இருந்தனர்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, வயதான ஓர் அம்மாள் அவன் கையைப் பற்றிக்கொண்டு சொன்னார்: "நல்லாத்தான் பேசினீங்க தம்பி. ஆனா எங்கள முன்னால உக்கார வச்சிட்டு வேற யாருக்கோ பேசின மாதிரி இருந்துச்சு."

அவர் குறை சொல்லும் தொனியில் சொல்லவில்லை, பரிவோடுதான் சொன்னார். ஆனால் அவனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. உதகைக்குத் திரும்பும் பேருந்தில் வெகுநேரம் பேசாமல் வந்தவன், எமரால்டு தாண்டியதும் கேட்டான்: "சார், இவங்களுக்குப் புரியணும்னா நான் கிரேக்கம் படிச்சிருக்கவே வேண்டாமே?"

இருபதாண்டுகளாகத் தமிழ் இலக்கியம் கற்பித்துவரும் நமக்கு அந்தக் கேள்விக்கு உடனடியாக விடை சொல்ல இயலவில்லை. ஏனெனில் அது போதகர்களுக்கு மட்டுமான கேள்வியன்று. கற்றவர் எல்லோரையும் நோக்கிய கேள்வி. இந்தக் கட்டுரை அவனுக்குக் காலம் தாழ்த்திச் சொல்லும் விடை என்று கொள்ளலாம். அதற்கு நாம் துணைக்கு அழைப்பது, கிரேக்கத்தைத் தானே கற்றுக்கொண்ட செருப்புத் தொழிலாளி ஒருவரை.

வில்லியம் கேரியைத் தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் வங்க உரைநடையோடும் செராம்பூர் அச்சகத்தோடும் சேர்த்தே அறிந்திருப்பார்கள். கப்பலேறுவதற்கு முந்தைய கேரியைப் பற்றித் தமிழில் அதிகம் பேசப்பட்டதில்லை. 1761இல் இங்கிலாந்தின் நார்தாம்டன்ஷயர் பகுதியில் பாலர்ஸ்பரி என்னும் சிற்றூரில் நெசவாளி ஒருவருக்குப் பிறந்தவர் அவர். தந்தை பின்னாளில் அந்த ஊரின் பள்ளி ஆசிரியராகவும் தேவாலய எழுத்தராகவும் ஆனார். வெயில் தோலுக்கு ஒவ்வாததால் வயல்வேலைக்கு ஆகாத பையனைச் செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழக விட்டார்கள். அந்தக் கடையில் கிடந்த ஒரு புதிய ஏற்பாட்டு விளக்கவுரை நூலில் புரியாத எழுத்துக்களைக் கண்டான் சிறுவன். அவற்றை அப்படியே வரைந்து எடுத்துக்கொண்டு, சொந்த ஊரில் ஓரளவு படித்திருந்த ஒரு நெசவாளியிடம் போய்க் காட்டி, அவை கிரேக்க எழுத்துக்கள் என்று அறிந்துகொண்டான். அங்கே தொடங்கியது அவருடைய கல்வி. முப்பது வயதைத் தாண்டும் காலத்திற்குள் இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், டச்சு, பிரெஞ்சு ஆகிய மொழிகளைப் படிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். இவற்றில் எதையும் அவர் கல்லூரியில் கற்கவில்லை.

ஏன் கல்லூரிக்குப் போகவில்லை என்பதற்கு வறுமை மட்டும் காரணமன்று. இங்கிலாந்துத் திருச்சபையை விட்டு விலகி, 1783இல் நார்தாம்டனில் நீன் ஆற்றில் மூழ்கி ஞானஸ்நானம் பெற்று, பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர் அவர். அரசுத் திருச்சபையின் முப்பத்தொன்பது விதிகளுக்கு ஒப்புதல் கையெழுத்து இடாதவர் அந்நாளில் ஆக்ஸ்போர்டில் சேரவே முடியாது; கேம்பிரிட்ஜில் படிக்கலாம், பட்டம் கிடைக்காது. இந்தத் தடைகள் முழுமையாக நீங்க 1871 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே கேரியைப் போன்றவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் கதவு பிறப்பால் பாதி, நம்பிக்கையால் மீதி என்று முழுவதும் அடைத்தே கிடந்தது. கேரி வேலை செய்த செருப்புக்கடைதான் அவருடைய கல்லூரி என்று பின்னாளில் தாமஸ் ஸ்காட் என்னும் ஆங்கிலிக்கப் போதகர் சொன்னதாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுவார்கள். அது பாராட்டு மட்டுமன்று, வேறு கல்லூரி அவருக்கு இல்லை என்ற உண்மையுங்கூட.

நம் மனத்தைக் கவர்ந்தது இதற்கு அடுத்து நிகழ்ந்தது. 1785ஆம் ஆண்டு, இருபத்து நான்கு வயதை நெருங்கிய கேரி, ஓல்னி என்னும் ஊரின் பாப்டிஸ்ட் சபையாரிடம் தம்மைப் போதகப் பணிக்கு அனுப்புமாறு வேண்டினார். ஓல்னி லேஸ் பின்னும் தொழிலுக்குப் பெயர்போன சிற்றூர். அந்தச் சபை மரபில் பேராயர் கிடையாது; மேலிருந்து வரும் ஆணை கிடையாது. ஒருவரைப் போதகராக அங்கீகரிக்க வேண்டியவர்கள் எதிரே பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கும் சபையார்தாம். அவர்கள் முன்னே கேரி பிரசங்கம் செய்தார். கேட்டுவிட்டு அவர்கள் எடுத்த முடிவு என்ன தெரியுமா? உடனே அனுப்ப முடியாது என்பது. இப்போது பேசிவரும் ஊர்களில் தொடர்ந்து பேசட்டும். இடையிடையே எங்கள் முன்பும் வந்து பேசட்டும். இன்னும் சிறிது காலம் கேட்டுப் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். ஓராண்டுக்குமேல் கழித்து, 1786 ஆகஸ்டில்தான் சம்மதம் கிடைத்தது.

பின்னாளில் ஒரு நாட்டின் உரைநடை வரலாற்றிலேயே இடம்பெறப் போகிற அறிஞரை, லேஸ் பின்னுபவர்களின் ஊர் ஓராண்டு காக்க வைத்தது. நம் பல்கலைக்கழகங்களின் நேர்முகத் தேர்வுகளை நினைத்துக்கொண்டால் இந்தக் காட்சியின் அருமை விளங்கும். தேர்வு வைத்தவர்கள் கேரியை விடக் கற்றவர்கள் அல்லர். அவர்களில் யாருக்கும் எபிரேய இலக்கணம் தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. ஆனால் அவர்களிடம் வேறொரு தகுதி இருந்தது. அவர் பேசப்போவது அவர்களைப் போன்றவர்களிடம்தான். ஒரு பேச்சு தம்மை வந்து தொட்டதா இல்லையா என்பதைச் சொல்லும் உரிமை, தொடப்பட வேண்டியவர்களுக்கே உண்டு.

அந்தச் சபையார் கல்விக்கு எதிரிகளா என்றால், இல்லை என்பதுதான் விடை. ஓல்னியின் போதகராயிருந்த ஜான் சட்கிளிஃப் என்பவரே கேரியின் மொழிப் படிப்புக்குத் துணைநின்றவர். கெட்டரிங் ஊரில் காலணி வணிகம் செய்த தாமஸ் காட்ச், கேரி வாரம் முழுவதும் தைத்துச் சம்பாதிப்பது எவ்வளவு என்று கேட்டறிந்து, அதைவிட ஒரு ஷில்லிங் சேர்த்தாற்போல் வாரம் பத்து ஷில்லிங் தாமே தருவதாகவும், இனி அவர் தோல் தைக்க வேண்டாம், படித்தால் போதும் என்றும் சொன்னார் என்பது கேரியின் வாழ்வில் பலரும் எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சி. திருவாவடுதுறை ஆதீனம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் அவரிடம் பாடங்கேட்ட உ.வே. சாமிநாதையரையும் தாங்கி நின்றதை அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. புலமைக்குச் சோறு போடும் மரபு எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறது. அங்கே மடத்தின் இடத்தில் ஒரு செருப்பு வணிகர் இருந்தார் என்பதே வேறுபாடு.

மோல்டன் கிராமத்தில் பள்ளி நடத்திக்கொண்டே போதகராயிருந்த கேரி 1787இல் அங்கே முறைப்படி அபிஷேகம் பெற்றார். வருமானம் போதாமல் அப்போதும் செருப்புத் தைத்தார். காகிதத் தாள்களை ஒட்டிப் பெரிய உலகப் படம் ஒன்றைச் செய்து சுவரில் மாட்டி, ஒவ்வொரு நாட்டின்மேலும் மக்கள்தொகை, சமயம் பற்றிய குறிப்புகளை எழுதி வைத்திருந்ததை அவருடைய நண்பர் ஆண்ட்ரூ ஃபுல்லர் கண்டிருக்கிறார். 1789இல் லெஸ்டர் நகரச் சபைக்குப் போனார். அது ஒழுக்கச் சிக்கல்களால் சீர்கெட்டுக் கிடந்த சபை. 1790இல் அந்தச் சபையைக் கலைத்துவிட்டு, புதிய உறுதிமொழியோடு மறுபடி கூட்டினார். தலைமை என்பதன் பொருளை அவர் அங்கேதான் கற்றார் என்று நமக்குத் தோன்றுகிறது. 1792இல் எண்பத்தேழு பக்கங்கள் கொண்ட ஆய்வு நூல் ஒன்றை வெளியிட்டார். உலக நாடுகளின் பட்டியல்களே அதில் பல பக்கங்களை அடைத்துக்கொண்டன. அந்த ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கெட்டரிங்கில் ஒரு விதவையின் வீட்டுப் பின்னறையில் கூடியவர்கள் பாப்டிஸ்ட் மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கினர். அன்று கையில் இருந்த வாக்குறுதித் தொகை பதின்மூன்று பவுனும் சில்லறையும். மறு ஆண்டு நவம்பரில் கேரி கல்கத்தாவில் இறங்கினார்.

இதுவரை சொன்னது வெற்றிக் கதை. ஆனால் நாம் இங்கே புகழ்மாலை தொடுக்க வரவில்லை. கேரியின் வாழ்வில் கேட்பவர்களின் குரல் எங்கெல்லாம் காதில் விழுந்ததோ அங்கெல்லாம் அவர் வென்றார். எங்கெல்லாம் விழவில்லையோ அங்கெல்லாம் தோற்றார். இதுவே நம் கட்சி.

முதல் தோல்வி அவருடைய வீட்டிலேயே நிகழ்ந்தது. மனைவி டொரதி எழுதப் படிக்கத் தெரியாதவர். திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாகக் குறியிட்டவர். இந்தியாவுக்கு வர முடியாது என்று வெளிப்படையாக மறுத்தார். கடைசியில் தம் தங்கையும் உடன்வருவார் என்ற உறுதியின்மேல், கைக்குழந்தையோடு கப்பலேறினார். 1794இல் ஐந்து வயது மகன் பீட்டர் வங்காளத்தில் வயிற்றுக்கடுப்பு நோயில் இறந்தான். அதன்பின் டொரதியின் மனம் நிலைகுலைந்தது. 1807இல் அவர் இறக்கும்வரை அது மீளவில்லை. அடுத்த அறையில் மனைவி அலறிக்கொண்டிருக்க, இந்த அறையில் கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார் என்று அவருடைய வரலாற்றாசிரியர்கள் எழுதுவார்கள். ஓல்னி சபையாருக்குத் தம்மைத் தேர்வு செய்யும் உரிமையை வழங்கியவர், தம்மோடு வாழ்ந்தவரின் 'மாட்டேன்' என்னும் சொல்லை மதிக்கவில்லை. இதை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவதில் நமக்கு உடன்பாடில்லை.

இரண்டாவது, அவருடைய மொழிபெயர்ப்புகள். 1800 தொடக்கத்தில் கேரி செராம்பூருக்கு வந்தார். அது டேனிஷ் ஆட்சியில் இருந்த ஊர். நம் தரங்கம்பாடியைப் போலவே 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. அங்கே மார்ஷ்மன், வார்டு ஆகியோருடன் சேர்ந்து அவர் நிறுவிய அச்சகத்திலிருந்து 1801இல் வங்கமொழிப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அந்த ஆண்டே வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்கமொழி ஆசிரியரானார். ராம்ராம் பாசுவும் மிருத்யுஞ்சய வித்யாலங்காரும் அவருக்கு அருகில் இருந்தனர். அவர்கள் வெறும் உதவியாளர்கள் அல்லர். தாமே நூல்கள் எழுதியவர்கள். தெருவிலும் சந்தையிலும் மக்கள் பேசும் பேச்சை உரையாடல்களாகத் தொகுத்து 1801இல் கேரி வெளியிட்ட 'கதோபகதன்' என்னும் நூலில் மீன்காரியும் கூலியாளும் தத்தம் மொழியில் பேசுகிறார்கள். தம் வங்கமொழிபெயர்ப்பை அவர் வாழ்நாள் முழுதும் மீண்டும் மீண்டும் திருத்திக்கொண்டே இருந்தார். காரணம், அதைக் கேட்டுக் குறைசொல்ல மக்கள் எதிரிலேயே இருந்தார்கள்.

ஆனால் அதே செராம்பூரிலிருந்து ஏறத்தாழ நாற்பது மொழிகளில் வேதாகமமோ அதன் பகுதிகளோ அச்சாயின. அவற்றுள் பல அந்தந்த மொழி பேசுவோருக்கு விளங்கவில்லை. பின்வந்தவர்கள் அவற்றைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்க நேர்ந்தது. அறிவுக் குறைவால் நேர்ந்ததன்று இது. வடமொழிப் புலமையை அடித்தளமாகக் கொண்டு பண்டிதர்கள் துணையோடு மேசையில் உருவானவை அவை. ஓல்னியில் இருந்ததைப் போல, 'இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார்க்கிறோம்' என்று சொல்ல அந்த மொழிகளுக்கு அங்கே ஆளில்லை. அதே மனிதர், அதே உழைப்பு, அதே புலமை. எதிரே அமர்ந்து கேட்பவர் மட்டும் இல்லை.

இனி நம் மலைக்கு வருவோம். திருச்சபைத் தலைமைக்குச் செல்லும் இன்னொரு பாதை இந்த நீலகிரி வழியாகவே போயிருக்கிறது. ராபர்ட் கால்டுவெல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுவிட்டு, 1838இல் சென்னைக்கு வந்தபோது இலண்டன் மிஷனைச் சேர்ந்தவர். அதுவும் பேராயர் இல்லாத, சபையார் கையில் அதிகாரம் உள்ள மரபுதான். 1841இல் அவர் ஆங்கிலிக்கத் திருச்சபைக்கு மாறினார். சென்னையிலிருந்து கால்நடையாகவே புறப்பட்டவர், உதகைக்கு ஏறிவந்து பேராயர் ஸ்பென்சரிடம் குருப்பட்டம் பெற்றுக்கொண்டு, இறங்கி இடையன்குடிக்கு நடந்தார். 1877இல் பேராயரும் ஆனார். மேலிருந்து கை வைத்து அருளப்படும் பாதை அது. ஆயினும் இடையன்குடியில் கால்டுவெல் அரை நூற்றாண்டு தங்கினார். பனையேறிகளின் பேச்சைக் கேட்டார். 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் தோடர், கோத்தர் மொழிகளுக்கும் இடம் கொடுத்தார். எந்தப் பாதையில் வந்தாலும், கேட்கத் தெரிந்தவர் கேட்டார் என்பதற்கு இது சான்று. ஆனால் கேட்கத் தெரியாதவரைத் தடுத்து நிறுத்த அந்தப் பாதையில் யாருமில்லை. அதுதான் வேறுபாடு.

1846இல் கேத்தியில் கால்வைத்த பாசல் மிஷனைச் சேர்ந்த மெட்ஸ் என்பவர் ஊர் ஊராக நடந்து படுகர்களிடையே பேசினார். பல்லாண்டுகள் ஒருவரும் அவர் வழிக்கு வரவில்லை. ஆனால் அவர் படுகு மொழியைக் கற்றுக்கொண்டார். இந்த மலையின் மக்களைப் பற்றி நூல் எழுதினார். ஜி.யு. போப் தோடர் மொழிக்கு எழுதிய சிறு இலக்கணம் 1873இல் அச்சானபோது, மெட்ஸ் சேகரித்துத் தந்தவை அதற்குப் பயன்பட்டிருந்தன. ஏற்றுக்கொள்ளப்படாத போதகர் ஒருவரின் காது, மொழியியலுக்கு விட்டுச் சென்ற கொடை அது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சபையாரின் தீர்ப்பு என்று தூக்கிப் பிடிக்கிறீர்களே, நம் ஊரில் அது சாதியின் தீர்ப்பாக ஆகிவிடாதா? ஆகும், ஆகியிருக்கிறது. தஞ்சையில் தேவாலயத்தில் சாதிவாரியாக அமரும் வழக்கத்தை மிஷனரிகள் நீக்க முனைந்தபோது, அதை எதிர்த்து எழுதியவர் வேறு யாருமல்லர், வேதநாயகம் சாஸ்திரியார் என்னும் பெரும்புலவர்தாம். மக்களின் குரல் எப்போதும் நீதியின் குரலாக இருந்ததில்லை. செராம்பூரிலோ 1800 டிசம்பரில் ஞானஸ்நானம் பெற்ற தச்சர் கிருஷ்ண பால், சாதியை விட்டு, மிஷனரிகளோடு ஒரே பந்தியில் உண்டு, பின்னர்ப் பிரசங்கியாருமானார். ஆகவே யார் கேட்கிறார்கள் என்பதோடு, யாரெல்லாம் கேட்கும் இடத்தில் அமர அனுமதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். நாம் சொல்ல வருவது, பெரும்பான்மையின் கைதூக்கல் அன்று. பேசுபவன் மேல் கேள்வி எழுப்பும் உரிமை கடைசி வரிசையில் இருப்பவருக்கும் வேண்டும் என்பதே.

நம் நண்பரின் மகன் பெற்ற பட்டத்திற்கே வருவோம். தமிழகத்தின் பல இறையியல் கல்லூரிகள் வழங்கும் பி.டி. பட்டம் செராம்பூருடையது. 1818இல் கேரியும் நண்பர்களும் நிறுவிய கல்லூரிக்கு 1827இல் டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடெரிக் பட்டம் வழங்கும் உரிமை கொடுத்தார். அந்த உரிமையின்கீழ் முதல் பி.டி. பட்டங்கள் 1915இல் வழங்கப்பட்டன. எந்தச் சமயத்தவரும் எந்தச் சாதியினரும் அங்கே படிக்கலாம் என்று தொடக்கத்திலேயே விதி செய்தார்கள். நம்பிக்கையின் பேரால் தமக்கு அடைக்கப்பட்டிருந்த கதவை, தாம் கட்டிய கல்லூரியில் பிறர்க்குத் திறந்து வைத்தார் கேரி. இது எண்ணிப் பார்க்கத்தக்க பெருந்தன்மை. ஆனால் கேரி நமக்கு விட்டுச்சென்றவை இரண்டு: ஒன்று செராம்பூர், மற்றது ஓல்னி. முதலாவதை நாம் பத்திரமாகச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். இரண்டாவதை மறந்துவிட்டோம்.

இதில் போதகர்களை மட்டும் குற்றஞ்சாட்டுவது அறமன்று. கல்லூரித் தமிழ்த்துறைகளில் இருக்கும் நம் நிலை என்ன? முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைப் படிப்பவர் புறத்தேர்வாளர் ஒருவர். நியமனத்துக்கு நேர்காணல் குழு. பதவி உயர்வுக்குப் புள்ளிகள். நாம் நாள்தோறும் யார் முன் பேசுகிறோமோ, அந்தத் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு நம்மைப் பற்றிச் சொல்ல ஒரு வாய்ப்பும் இல்லை. சங்கப் பாடல் ஒன்றை ஒரு மணிநேரம் விளக்கிவிட்டு, புரிந்ததா என்றால், புரிந்தது ஐயா என்பார்கள். அந்த மரியாதையின் பின்னே ஒளிந்துகொண்டு நாம் ஓய்வுபெறும் வரை பேசிக்கொண்டிருக்கலாம். குந்தாவில் அந்த அம்மாள் சொன்னதை நம் வகுப்பில் ஒரு மாணவி சொல்லியிருந்தால் நாம் எப்படி எடுத்துக்கொண்டிருப்போம் என்று அன்று பேருந்தில் யோசித்தோம். விடை நமக்குப் பெருமை தருவதாக இல்லை.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு நம் விடை இது. நீ கிரேக்கம் படித்தது வீண் என்று அந்த அம்மாள் சொல்லவில்லை. கல்வி குறைந்தால் பேச்சு எளிதாகும் என்று நினைப்பதும் அவரை அவமதிப்பதே. அப்படி நினைப்பவர்கள்தாம் பாமரருக்கு ஏற்ற போதகர் என்று ஒரு மட்டமான சரக்கைத் தயாரித்து அனுப்பி வைக்கிறார்கள். கேரி தம் கிரேக்கத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. காத்திருந்தார், மறுபடி வந்து பேசினார். மேல்பட்டப் படிப்புக்கு நீ விண்ணப்பித்திருப்பது நல்லது, போ, படி. ஆனால் அதற்குமுன் ஓராண்டு இங்கே இரு. தோட்டத்துத் தமிழில் ஹட்டனும் நுவரெலியாவும் எப்படிக் கலந்திருக்கின்றன என்று கேள். கீழ்குந்தாவிலும் பிக்கட்டியிலும் படுகு மொழி பேசுவோரின் வீட்டுத் திண்ணையில் உட்கார். மாதம் ஒருமுறை அதே தேவாலயத்தில் பேசு. அந்த அம்மாள் மூன்றாம் வரிசையில்தான் இருப்பார். அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.

நாமும் வருகிறோம். கேட்டுப் பழக வேண்டியவர்களில் நாமும் ஒருவர்.